கொல்லன் பட்டறையில் மின்கலம்

மின்கம்பி எட்டாத இடத்தில் சேமக்கலத்தைக் கொண்டு துளைப்பொறியும் மரவாளும் ஓட்டுவதை நாம் இன்றைய புதுமை என்றே எண்ணுகிறோம். வரலாற்றை நோக்கின், நகரங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலையங்கள் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொல்லர் இம்முயற்சியில் இறங்கியது புலனாகும்.

அவர் பெயர் தாமஸ் டேவன்போர்ட். ஊர், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பிராண்டன். இரும்புத் தாதைப் பிரிக்கப் பயன்பட்ட மின்காந்தம் ஒன்றை 1833-ல் விலைக்கு வாங்கிய அவர், அதைக் கழற்றி அமைப்பை அறிந்துகொண்டார். அடுத்த ஆண்டே சுழலும் மோட்டார் ஒன்றைச் செய்தார். 1837 பிப்ரவரி 25-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அம்மோட்டார் இரும்பில் துளையிட்டது, மரம் கடைந்தது, 1840-ல் அவருடைய பத்திரிகையை அச்சிடும் பொறியையும் இயக்கிற்று. இவ்வளவுக்கும் ஆற்றல் தந்தது மின்கலமே.

ஆயினும் செல்வம் வரவில்லை. குறை மோட்டாரில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. நீராவிப் பொறிக்கு இரை மலிவான நிலக்கரி. மின்கலத்துக்கு இரை விலைமிக்க துத்தநாகம். இக்கணக்கில் மின்சாரம் நீராவியை வெல்லாது என ஆங்கில அறிஞர் ஜூல் 1841-ல் கருதினார். டேவன்போர்ட் 1851-ல், தமது 48-ஆம் வயதில், வறுமையிலேயே மறைந்தார்.

துத்தநாகம் கரைந்தால் கரைந்ததுதான். 1859-ல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே, ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க சேமக்கலத்தை அமைத்தார். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் கலத்தை வெளியிட்டது. பட்டறைப் பொறிகளோ பெரும்பாலும் மாறுதிசை மின்சாரம் கேட்பவை. சேமக்கலம் தருவது நேர்திசை மின்சாரம். இவ்விரண்டையும் இணைத்து வைப்பதே இன்வர்ட்டர். மின்வெட்டு நேரத்தில் நம் இல்லங்களில் விளக்கெரிப்பதும் அதுவே.

எனினும் விளக்கு வேறு, மோட்டார் வேறு. புறப்படும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; அதைத் தாங்காத இன்வர்ட்டர் நின்றுவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயச் சேமக்கலத்தில் அடங்குவது 1,800 வாட்-மணி. ஆயுளைக் கருதி அதில் பாதியையே எடுத்தால், ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரங்கூட ஓடாது.

ஆகவே, டேவன்போர்ட்டை வீழ்த்திய வினா இன்னும் நம்முன் நிற்கிறது: சேர்த்து வைத்த ஆற்றலின் விலை என்ன? இன்று வெயிலுக்கு விலையில்லை, சேமக்கலத்துக்கு உண்டு. அந்த விலை இறங்க இறங்க, மின்கம்பி செல்லாத மலையூரிலும் பாலைநிலத்திலும் தொழிலாளியின் கையில் பொறி சுழலும்.