ஆபிஸ் போன் சர்வரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கண்காணிப்புக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புஞ்சாக் ஆலாமில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்னதாக நிறுவனம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை பூட்டிவிட்டுப் போகிறீர்கள். திங்கள் காலை வந்து பார்த்தால், வார இறுதி முழுக்க உங்கள் எண்ணிலிருந்து வெளிநாடுகளுக்கு அழைப்புகள் பறந்திருக்கின்றன. பேசியது யாரோ, ஆனா பில் வருவது உங்கள் பெயருக்கு!

இது வெறும் கற்பனை இல்லை. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் 'ஃப்ரீபிபிஎக்ஸ்' மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, 2025 ஆகஸ்டில் ஊடுருவல்கள் நடந்தன. நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்த சர்வர்களே குறியாகின.

எதைக் கண்காணிக்க வேண்டும்?

முதலில் சர்வரின் நலம். அழைப்புகளைப் பதிவு செய்தால் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். சாபிக்ஸ், நாகியோஸ் போன்ற கருவிகள் முன்கூட்டியே எச்சரிக்கும். இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு.

அடுத்து, போன் உண்மையிலேயே வேலை செய்கிறதா? சர்வர் 'பிங்'குக்குப் பதில் சொல்லும். ஆனா தொலைத்தொடர்பு நிறுவனத்துடனான 'சிப்' இணைப்பு அறுந்திருந்தால் வாடிக்கையாளரின் அழைப்பு உங்களுக்கு வராது. ஆகவே, அந்தப் பதிவு நிலையையும் சோதிக்கும் கருவியாகப் பாருங்கள்.

மூன்றாவது, குரலின் தரம். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 'ஜி.711' முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட் தேவை. ஒரே நேரத்தில் 10 பேர் பேசினால் கிட்டத்தட்ட 0.9 மெகாபிட். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் காரணம் தேட ஹோமர், எஸ்என்கிரெப் உதவும்.

நான்காவது, பாதுகாப்பு. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஊகிக்கும் முகவரிகளை ஃபெயில்2பேன் தடுக்கும். ஆனா மென்பொருள் ஓட்டையை அது அடைக்காது. அப்டேட் செய்தே ஆக வேண்டும். வேலை நேரத்துக்குப் பிறகு வெளிநாட்டு அழைப்பு போனால் உடனே தகவல் வரும்படி வையுங்கள். வெளிநாட்டு அழைப்பே தேவையில்லையா? முடக்கிவிடுங்கள்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

ஆபிஸ் இணையம் போனால் எச்சரிக்கை எப்படி வரும்? உள்ளே இருக்கும் கருவியும் சேர்ந்து ஊமையாகிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் கருவி ஒன்றும் வேண்டும்.

எச்சரிக்கை யார் கைப்பேசிக்குப் போகும்? ஒரு நாளைக்கு ஐம்பது வந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். முக்கியமான நான்கைந்தோடு தொடங்குங்கள்.

பதிவுகளை யார் கேட்கலாம்? வாடிக்கையாளரின் குரலும் எண்ணும் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரலாம். 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். கண்காணிப்பே இல்லாவிட்டால், கசிந்தது உங்களுக்கே தெரியாது.

எல்லாம் ஒரே நாளில் முடியாதா? இன்றைக்கு இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள்: நிர்வாகப் பக்கம் வெளியே திறந்திருக்கிறதா என்று பாருங்கள், வெளிநாட்டு அழைப்புக்கு வரம்பு போடுங்கள்.