காருக்குள் ஒரு காது

1996 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஆன்ஸ்டார்' என்ற வசதியை அறிவித்தது. ஒரு ஜிபிஎஸ் கருவி, ஒரு செல்போன் இணைப்பு, ஒரு பொத்தான். விஷயம் இவ்வளவுதான். 1997 மாடல் காடிலாக் கார்களில் முதலில் வந்தது. பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஓர் ஆள் பேசுவார். கார் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். விபத்தில் ஏர்பேக் விரிந்தால், ஓட்டியவர் மயங்கிக் கிடந்தாலும் காரே மையத்துக்குத் தகவல் சொல்லிவிடும்.

இதை வெறும் விளம்பர ஜாலம் என்று ஒதுக்க முடியாது. ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பள்ளத்தில் உருண்டு கிடப்பவருக்கு அந்தப் பொத்தான்தான் உயிர். ஐரோப்பிய ஒன்றியமும் 'இ-கால்' என்ற பெயரில் இதே யோசனையை 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை: விபத்து நடக்கும் வரை கருவி தூங்க வேண்டும், காரைப் பின்தொடரக் கூடாது.

அமெரிக்காவில் அது தூங்கவில்லை.

கார் திருடு போனால் கண்டுபிடிப்பதற்காக, மையத்தில் இருப்பவர்கள் வண்டிக்குள் நடக்கும் பேச்சைக் கேட்கும் வழி இத்தகைய சேவைகளில் இருந்தது. எஃப்.பி.ஐ. இதைச் சும்மா விடுமா? சந்தேகத்துக்குரிய ஒருவரின் காரில் அந்த மைக்கைத் திறந்துவிடும்படி நெவாடாவில் நீதிமன்ற உத்தரவு வாங்கியது. நிறுவனம் முதலில் இணங்கியது, பிறகு எதிர்த்து வழக்காடியது. 2003 நவம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எஃப்.பி.ஐ.க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை, வெறும் 'தி கம்பெனி'தான்.

ஆனால் தீர்ப்புக்கான காரணம்தான் கவனிக்க வேண்டியது. 'காருக்குள் ஒட்டுக்கேட்பது தவறு' என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு அவசர உதவி கிடைக்காமல் போகிறது, சேவைக்கு இவ்வளவு இடைஞ்சல் செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்பதுதான் வாதம். அப்படியானால் சேவையும் கெடாமல் ஒட்டும் கேட்கத் தெரிந்துவிட்டால்? அந்தக் கதவை நீதிமன்றம் மூடவே இல்லை.

2011 செப்டம்பரில் ஆன்ஸ்டார் இன்னொரு வேலை செய்தது. சந்தாவை ரத்து செய்தவர்களின் காரிலிருந்தும் தகவல் எடுப்போம் என்று விதிமுறையை மாற்றியது. செனட்டர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டில் உட்கார்ந்தபடி இணையம் வழியாக நிறுத்திக் காட்டினார்கள். கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அது பெரிய செய்தியானது. நியாயம்தான், பிரேக் என்றால் யாருக்கும் பயம் வரும்.

சத்தமில்லாமல் நடந்தது வேறு. ஓட்டும் விதத்துக்கு மதிப்பெண் தரும் 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற திட்டத்தின் வழியாக, ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்களின் தகவல்களை லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் ஆகிய தரகு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தது. அவற்றிடமிருந்து காப்பீட்டு நிறுவனங்கள் வாங்கின. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. கார் இருக்குமிடம் சில சமயம் 3 வினாடிக்கு ஒருமுறைகூடப் பதிவானது என்கிறது அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. இத்தகைய தரகர்களுக்குத் தகவல் தர 5 ஆண்டுத் தடை விதிக்கும் உத்தரவை அது 2025 ஜனவரியில் முன்வைத்தது.

செவ்ரோலே போல்ட் ஓட்டிய ஒருவருக்கு 2022-இல் பிரீமியம் 21 சதவீதம் ஏறியிருந்தது. விபத்து எதுவும் செய்யாதவர். காரணம் கேட்டு அலைந்து, கடைசியில் தன்னைப் பற்றிய அறிக்கையை லெக்ஸிஸ்நெக்ஸிஸிடமிருந்து வாங்கிப் பார்த்தார். மொத்தம் 258 பக்கம். ஆறு மாதத்தில் 640 பயணங்கள். ஒவ்வொன்றும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எத்தனை முறை பிரேக்கை அழுத்திப் பிடித்தார் என்பது வரை அதில் இருந்தது.