போத்து முதல் ஒட்டு வரை: நம் பகுதி முந்திரியின் கதை



மழைக்காலம் வந்தால் செடிக் குச்சிகள் வீட்டுக்கு வீடு கைமாறும். செம்பருத்தியில் ஒரு சாண் குச்சியைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி தொட்டியில் ஊன்றினால் சில வாரங்களில் துளிர்க்கும். இது நம் கிராமங்களில் பழைய வழக்கம். முருங்கை, பூவரசு, வேலிக் கிளுவை எல்லாம் போத்து வெட்டி நட்டு வளர்ந்தவையே.

போத்தில் என்ன லாபம்? விதையில் வருவது பிள்ளை. தாயைப் போல இருக்கலாம், இல்லாமலும் போகலாம். போத்தில் வருவதோ அந்தத் தாய் மரமே. கொடிமுந்திரி என்று பழைய தமிழில் சொன்ன திராட்சை இப்படித்தான் பெருகுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களும் குச்சி நட்டு வளர்ந்தவைதான்.

ஆனால் நம் பகுதிக்குச் சோறு போடும் மரமுந்திரி இதற்கு எளிதில் இணங்குவதில்லை. குச்சியாக நட்டால் வேர் பிடிப்பது அரிது. பிரேசில் நாட்டு மரமான இதைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மண் அரிப்பைத் தடுக்கவும் நடப்பட்ட மரம், பிறகு விருத்தாசலம், பண்ருட்டி செம்மண் நிலங்களில் முக்கியப் பயிரானது. எல்லாம் கொட்டை ஊன்றி வளர்த்தவை. பூச்சிகள் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்வதால், ஒரே தோப்பில் ஒரு மரம் குலுங்கக் காய்க்கும், பக்கத்து மரம் பேருக்குக் காய்க்கும். எது எப்படி என்று தெரிய விவசாயி சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் கதைக்குள் வருகிறது. ஊர் ஊராக நல்ல மரங்களைத் தேடிச் சோதித்து, வி.ஆர்.ஐ. 1 (1981), வி.ஆர்.ஐ. 2 (1985), வி.ஆர்.ஐ. 3 (1991) ரகங்களை வெளியிட்டார்கள். மூன்றாவது ரகம், பழைய தென்னார்க்காட்டின் இடையஞ்சாவடியில் இருந்த மரம் ஒன்றின் விதைக் கன்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்தது. கொட்டை ஒன்று சுமார் 7 கிராம். மரத்துக்குச் சராசரி 10 கிலோ மகசூல்.

சரி, நல்ல மரம் கிடைத்தது. அதைப் பெருக்குவது எப்படி? அதன் கொட்டையை நட்டால் அதே மரம் வராது. விடை, இளந்தண்டு ஒட்டு. பையில் முளைத்து ஒன்றரை, இரண்டு மாதமான நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளப்பார்கள். தாய் மரத்தில் அதே பருமனுள்ள கிளை நுனியை, ஒரு வாரம் முன்பே இலைகளைக் கிள்ளிப் பக்குவப்படுத்தி, ஆப்பு போலச் சீவி அந்தப் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டுவார்கள். வேர் நாற்றுடையது, காய்ப்பு தாய் மரத்துடையது. மூன்றாம் ஆண்டிலேயே பலன் தெரியும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது நினைவிருக்கும். தலைமுறையாகச் சோறு போட்ட முந்திரித் தோப்புகள் ஒரே நாளில் சாய்ந்தன. மறுபடி நட்டபோது ஒட்டுக்கன்றுகளே கைகொடுத்தன. கொட்டை ஊன்றிக் காத்திருக்க யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். ஒரே ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். அதைத் தாக்கும் பூச்சியோ நோயோ வந்தால் தோப்பு முழுவதும் ஒன்றாகப் பாதிக்கும். அடுத்த நல்ல ரகமும் எங்கோ ஒரு கொல்லையில் நிற்கும் விதை மரத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். சொந்த நிலத்துக்கு ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்று மேலோங்கி ஒட்டு நலிந்துவிடும். ஊரில் உங்கள் குடும்பத்துக்கு நன்றாகக் காய்க்கும் பழைய முந்திரி மரம் இருந்தால், வெட்டும் முன் விருத்தாசலம் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெட்டிய பிறகு அந்த மரத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.