செகண்ட் ஹேண்ட் ஈகோஸ்போர்ட்: ஓனர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவரிடம் வண்டி எப்படி என்று கேட்டால், "விக்கவே மனசு வரல" என்பார். இன்னொருவர், "பெரிய தலைவலிங்க, தொடாதீங்க" என்பார். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்றுதான், வண்டிதான் வேறு.

2013 ஜூனில் ரூ.5.59 லட்சம் ஆரம்ப விலையில் வந்த ஈகோஸ்போர்ட், சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரானது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. இடைப்பட்ட எட்டு வருடங்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் மாறிக்கொண்டே இருந்தன.

அதனால் ஒரு கருத்தைக் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வருட மாடல், எந்த இன்ஜின் என்பதைத்தான். உதாரணத்துக்கு பெட்ரோல் ஆட்டோமேட்டிக். ஆரம்பத்தில் வந்தது டூயல் கிளட்ச். டிராஃபிக்கில் ஜெர்க் அடிக்குது, கிளட்ச் செலவு வைக்குது என்ற புகார்கள் இதைப் பற்றியவை. 2017 நவம்பரில் வந்த புதிய மாடலில் டார்க் கன்வெர்ட்டருக்கு மாறிவிட்டார்கள். வருடம் சொல்லாமல் 'ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் மோசம்' என்றால், அதில் உங்களுக்குப் பயன்படும் தகவல் எதுவும் இல்லை.

1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் கதை வேறு. ஓட்டியவர்கள் கொண்டாடும் இன்ஜின். ஆனால் அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயிலை ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் உதிரும். அந்தத் துகள்கள் ஆயில் போகும் வழியை அடைத்தால் இன்ஜினே போய்விடும். முந்தைய ஓனர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எந்த ஆயில் மாற்றினார் என்பதற்கு பில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்க மாட்டேன். பலரும் தேடுவது 1.5 டீசல் மேனுவலைத்தான்: நல்ல மைலேஜ், ஹைவேயில் நல்ல இழுவை.

எல்லா மாடல்களுக்கும் பொதுவான கருத்துகளும் உண்டு. ஸ்டீயரிங் நம்பிக்கை தரும், 200 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் வேகத்தடைகளில் காப்பாற்றும். பின் சீட்டில் மூன்று பேர் என்றால் நெருக்கம்தான். ஸ்டெப்னி மாட்டிய பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்னால் சுவர் இருந்தால் டிக்கியை மறந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இன்றும் வண்டியை வைத்திருப்பவர்களில் பிடித்துப்போனவர்களே அதிகம் இருப்பார்கள். வெறுத்துப்போய் விற்றவர்களின் குரல் உங்களுக்குக் கேட்காது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது உண்மை. ஆனால் 2019 சர்வீஸ் அனுபவத்தை வைத்து இன்று முடிவெடுக்க முடியாது. ஓனரிடம், "கடைசியா எந்த பார்ட்டுக்கு எத்தனை நாள் காத்திருந்தீங்க?" என்று கேளுங்கள். ஃபில்டர், பிரேக் பேடு பற்றி அல்ல. ஹெட்லைட், பம்பர், சென்சார் பற்றி.

டெல்லிப் பதிவு டீசல் மலிவாகக் கிடைக்கும். 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு அங்கே இருந்த தடையும், 2025-ல் உச்ச நீதிமன்றம் தளர்வு தந்த பிறகும் நீடிக்கும் குழப்பமும் அதற்கு முக்கியக் காரணம். வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி, உங்கள் மாநில சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபின் அது மலிவுதானா என்று பாருங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், உங்கள் ஊரில் ஃபோர்டு தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். வண்டியைப் பார்க்க அவரையும் கூட்டிப்போங்கள். இன்ஜின் சூடாவதற்கு முன் அவரே ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால், வேறு வண்டி பாருங்கள்.