அம்மை இறங்கிய பிறகு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டியதும் சிறுவாச்சூர். திங்கள், வெள்ளி மட்டுமே நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். இன்று அதே ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. சிறுவயதில் அம்மனிடம் வேண்டிக்கொண்டு ஆறிய சின்னம்மையும், முதுமையில் ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை. மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் குடும்பத்து எட்டு வைரஸ்களில் மூன்றாவதான வேரிசெல்லா சோஸ்டர்தான் அது.

இந்தப் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் உழைத்து, அறுபதைக் கடந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்வோம். பத்து வயதில் அவருக்கு அம்மை போட்டிருந்தது. கூடப் படித்த பிள்ளையின் மூச்சுக்காற்றோடு வைரஸ் அவர் மூக்கில் நுழைந்தது. இரண்டு வாரம் எந்த அடையாளமும் இல்லை. அதற்குள் அது தொண்டையில் பெருகி, ரத்த வெள்ளணுக்களில் ஏறித் தோலுக்கு வந்து சேர்ந்தது. பிறகு காய்ச்சல், உடம்பெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை செருகினார்கள், தனியே படுக்கவைத்தார்கள், வெளியாட்களை உள்ளே விடவில்லை. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை இது பிறருக்குப் பரவும் என்பதால், அந்தத் தனிமைக்கு மருத்துவ நியாயமும் உண்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்று வீடு நிம்மதியடைந்தது.

வைரஸ் வெளியேறவில்லை. தோலில் முடிகிற உணர்வு நரம்புகளின் வழியே உள்நோக்கிப் போய், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிட்டது. அங்கே அது பெருகுவதில்லை, செல்லைக் கொல்வதில்லை. நரம்பு செல்லின் கருவுக்குள் தன் டி.என்.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு கிடக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அதை எழவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பாட்டிக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தி எடுத்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

இந்த மறைவிடத்தைக் கண்டறிய மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் உழைத்தது. அக்கி கண்டு இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த ஹென்றி ஹெட், ஆல்ஃபிரட் கேம்பல் இருவரும் நரம்பு முடிச்சில்தான் சேதம் என்று 1900இல் எழுதினார்கள். சின்னம்மையிலும் அக்கியிலும் இருப்பது ஒரே வைரஸ் என்பதை 1950களில் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் அதை வளர்த்து நிரூபித்தார். சிறுவயதில் வந்தது உள்ளே உறங்கிக் கிடந்து பிறகு எழுகிறது என்ற விளக்கத்தை 1965இல் முன்வைத்தவர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் சாதாரணக் குடும்ப மருத்துவர்.

வயது கூடி, சர்க்கரை நோயும் சேர்ந்தபோது பாட்டியின் காவல் தளர்ந்தது. ஸ்டீராய்டு, புற்றுநோய் சிகிச்சை, எச்.ஐ.வி. ஆகியவையும் இப்படிக் காவலைத் தளர்த்தும். வைரஸ் வந்த வழியே தோலுக்குத் திரும்பியது. முதலில் வெறும் வலி: விலாவில் எரிச்சல், குத்தல், புடவை உரசினால்கூடத் தாங்க முடியவில்லை. இந்தக் கட்டத்தில் நெஞ்சுவலி என்று ஈ.சி.ஜி. எடுப்பதும், சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் பார்ப்பதும் உண்டு. சில நாளில் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும்.

மருத்துவர் பெரும்பாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். கொப்புளங்கள் முதுகிலிருந்து மார்புவரை ஒரே பக்கமாகப் பட்டை போட்டு வந்து, உடலின் நடுக்கோட்டில் நின்றுவிடும். அந்த ஒரு நரம்பின் எல்லை அதுதான். ஐயம் இருந்தால் புதுக் கொப்புளம் ஒன்றைத் திறந்து, அடித்தளத்தை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். பல கருக்கள் ஒன்றோடொன்று நெருக்கியிருக்கும் பெரிய செல்கள் தென்பட்டால் ஹெர்பிஸ் குடும்பம் என்று உறுதி. ஆனால் வாயோரம் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸும் இதே தோற்றத்தைத்தான் தரும். எந்த வைரஸ் என்று பிரித்துச் சொல்வது பி.சி.ஆர். பரிசோதனை. மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகம் வந்தால் முதுகுத்தண்டு நீரிலும் அதையே செய்வார்கள்.

மருந்து அசைக்ளோவிர். வைரஸ் புகுந்த செல்லில், வைரஸின் சொந்த நொதியே இந்த மருந்தைச் செயல்பட வைக்கிறது. நல்ல செல்களைப் பெரும்பாலும் தொடாது. இத்தகைய மருந்துகளுக்கு வழி வகுத்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்: புண் விரைவில் ஆறும், வலி தணியும்.

நம் ஊர்களில் அந்த மூன்று நாள்தான் கைநழுவிப் போகிறது. அக்கி என்றதும் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வது பழைய வழக்கம். காவியின் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பூச்சு தோலோடு நின்றுவிடுகிறது, வைரஸ் நரம்பில் இருக்கிறது. எழுதிக்கொள்கிறவர்கள் அன்றைக்கே மருத்துவரையும் பார்க்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் பாதிக்கப்படலாம். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காதில் வந்தால் முகம் ஒருபக்கம் கோணிவிடும் ஆபத்து உண்டு. தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கலாம். முதியவர்களின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் அது பறித்துவிடுகிறது.

வைரஸின் பயணம் பாட்டியோடு முடிவதில்லை. கொப்புள நீர் பட்டால், அம்மை கண்டிராத பேத்திக்கு அது சின்னம்மையாகத் தொற்றி, அவள் நரம்பிலும் குடியேறும். அதனால் புண்ணை மூடி வைக்க வேண்டும்; கைக்குழந்தைகளும் அம்மை வராத கர்ப்பிணிகளும் விலகியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான அக்கித் தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இரண்டு தவணைக்குமான விலை இன்னும் கூலி வேலை செய்பவர் கைக்கு எட்டவில்லை. இந்த வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது, எப்போது கிளம்பும், எதற்கு அடங்கும் என்பதெல்லாம் தெரிந்த பிறகும், காசில்லாத ஒரே காரணத்தால் எந்தப் பாட்டியும் அந்த வலியோடு காலம் தள்ளக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இந்த ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும்.