ஆக்ஸ்போர்டில் வாடகை பாதியான கதை

பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் தங்க இடம் தேடி அலைவது இந்தக் காலத்துப் பிரச்சினை மட்டும் அல்ல. 800 வருடங்களுக்கு முன்பே இங்கிலாந்தில் மாணவர்களும் வீட்டுக்காரர்களும் இதற்காக மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவானதற்கே ஒரு வாடகை வீடுதான் ஆரம்பம் என்றால் நம்புவீர்களா?

1200-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்களும் இருந்தார்கள். ஆனால் சொந்தமாக விடுதி எதுவும் கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் சில பேராகச் சேர்ந்து ஊர்க்காரர்களிடம் வீடு பிடித்துத் தங்குவார்கள்.

1209-ல் அப்படித் தங்கியிருந்த ஒரு மாணவர் கையால் ஊர்ப் பெண் ஒருவர் இறந்துபோனார். மாணவர் ஓடிவிட்டார். ஊரார் அவர் வீட்டுக்குத் தேடிப் போனபோது, அவரோடு சேர்ந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். நடந்த கொலை பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று அந்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ரோஜர் ஆஃப் வெண்டோவர் எழுதியிருக்கிறார். இருந்தும் இரண்டு மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

மாணவர்கள் அப்போது திருச்சபையைச் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். அவர்களைத் தண்டிக்கும் உரிமை திருச்சபை நீதிமன்றத்துக்கே உண்டு. ஆனால் ஜான் மன்னருக்கும் போப்பாண்டவருக்கும் அப்போது பெரிய சண்டை. மன்னர் தூக்குக்குச் சம்மதித்துவிட்டார்.

கொதித்துப்போன ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைக் காலி செய்தார்கள். சிலர் ரெடிங் போனார்கள், சிலர் பாரிஸ் போனார்கள். கேம்பிரிட்ஜ் போனவர்களால்தான் அங்கே பல்கலைக்கழகம் உருவானது. இழுத்துப் பிடிக்கச் சொந்தக் கட்டடம் இல்லாததால் கிளம்புவது சுலபமாக இருந்தது. நஷ்டம் வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்தான்.

1213-ல் மன்னர் போப்பாண்டவரிடம் பணிந்தார். அதன் பிறகு ஆக்ஸ்போர்டு ஊராரும் பணிய வேண்டியதாயிற்று. 1214-ல் போப்பாண்டவரின் தூதர் நிக்கோலஸ் சில நிபந்தனைகள் விதித்தார். மாணவர் தங்கும் வீடுகளுக்குப் பத்து வருடங்களுக்குப் பாதி வாடகைதான் வாங்க வேண்டும். உணவுப் பொருட்களை நியாயமான விலைக்கு விற்க வேண்டும். ஏழை மாணவர்களுக்காக வருடத்துக்கு 52 ஷில்லிங் கொடுக்க வேண்டும். புனித நிக்கோலஸ் திருநாளில் 100 ஏழை மாணவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

கேம்பிரிட்ஜிலும் விரைவிலேயே வாடகைத் தகராறு வந்தது. 1231-ல் மூன்றாம் ஹென்றி மன்னர் அங்கே ஓர் ஏற்பாடு செய்தார். ஆசிரியர் இருவர், ஊர்க்காரர் இருவர், இந்த நான்கு பேரும் சேர்ந்து வாடகையை முடிவு செய்ய வேண்டும்.

பிறகு 1264-ல் தொடங்கிய மெர்ட்டன் போன்ற கல்லூரிகள் சொந்தக் கட்டடங்களை எழுப்பின. கொஞ்சம் கொஞ்சமாக மாணவர்களும் அவற்றுக்குள் குடியேறினார்கள். தலைக்கு மேல் நிரந்தரக் கூரை கிடைத்தது. ஆனால் நினைத்தவுடன் மூட்டை கட்டிக் கிளம்பும் பலம் குறைந்துபோனது.

1214-ல் கிடைத்த அந்தப் பாதி வாடகைக்கு விலையாகத் தங்கள் உயிரைக் கொடுத்தவர்கள், ஒரு கொலைகாரனோடு வாடகையைப் பங்கு போட்டதைத் தவிர வேறு எந்தத் தப்பும் செய்யாதவர்கள்.