பாஸ்டனுக்குப் போன தெல்லிப்பழை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் தெல்லிப்பழையை ஒதுக்கிவிட்டு அப்பால் செல்ல இயலாது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனக் கல்லூரியைத் தோற்றுவிப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்னரே, அமெரிக்க மிஷன் இலங்கையில் தனது முதலாவது நிலையத்தை அமைத்த ஊர் இது. யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. அந்நிலையத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் டானியல் பூர். அவர் நிறுவிய கல்விக்கூடங்களைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். அவர் விட்டுச்சென்ற கடிதங்களைப் பற்றி எழுதியோர் சிலரே.

பூர் 1789இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியிலும் அண்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றவர். 1815 அக்டோபரில் 'டிரையாட்' என்னும் பாய்க்கப்பலில் ஏறி, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தார். அக்காலத் தேசாதிபதி பிரவுன்றிக், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழுதடைந்து கிடந்த பழைய தேவாலயங்களைப் பயன்படுத்த இசைவளித்தார். பூரும் அவருடன் வந்த எட்வர்ட் வாரனும் அவ்வாண்டு அக்டோபரில் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தனர்.

அத்தேவாலயமோ அமெரிக்கர் கட்டியதன்று. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1658 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பல்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழைத் தேவாலயத்தின் சித்திரத்தையும் காணலாம். பூர் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். ஆயினும் இடிந்ததைச் செப்பனிட்டு, இருந்த சுவர்களுக்குள்ளேயே வழிபாட்டுக்கும் வகுப்புக்கும் இடம் கண்டார். புதிதாய்க் கட்டப் பணமில்லாத மிஷனுக்கு அதுவே வழியாயிற்று.

அவ்வழிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. உடன் வந்த வாரன் நோயுற்று 1818இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் இறந்தார். மனைவி சூசன் 1821இல் தெல்லிப்பழையிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் றிச்சட்ஸ் என்னும் தோழரும் இதே ஊரில் உயிர்நீத்தார். பூர் திரும்பிச் செல்லவில்லை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பெற்றபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலம், கணிதம், வானியல் என்பவற்றோடு தமிழும் அங்கு கற்பிக்கப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியில் உருவானவர்கள். பின்னாளிற் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் தாமோதரம்பிள்ளை என்பதை நினைவிற்கொள்க.

1830களின் நடுப்பகுதியில் மதுரைக்குச் சென்ற பூர், 1841இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். செமினரியும் அதே ஆண்டில் மூடப்பட்டது.

இத்தனை நுணுக்கமாக இவ்வரலாற்றை இன்று அறிய முடிவது எவ்வாறு? மிஷனரிகள் பாஸ்டனிலிருந்த தம் தலைமைச் சங்கத்துக்கு இடைவிடாது எழுதிக்கொண்டிருந்தனர். கட்டடச் செலவு, மாணவர் வருகை, நோய், மரணம் என யாவும் மாதக்கணக்கிற் கப்பலிற் பயணம் செய்து அங்கு சேர்ந்தன. அவற்றுட் சில 'மிஷனரி ஹெரால்ட்' என்னும் இதழில் அச்சேறின. சங்கத்தின் பெருந்தொகையான ஆவணங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. பின்னர் அவை நுண்படச் சுருள்களாகவும் எடுக்கப்பட்டன.

ஆனால் அவை ஒருபக்க ஆவணங்கள் என்பதை மறத்தலாகாது. நன்கொடை அளிப்போர் மனம் குளிர எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு. பூரிடம் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் என்ன எண்ணினர், சைவக் குடும்பங்களில் எத்தகைய சச்சரவு எழுந்தது என்பனவற்றை அவர்தம் சொற்களிலேயே கேட்கும் வாய்ப்பு நமக்கு அரிது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரின் மறுமொழி அச்சில் உண்டு. சாதாரணக் குடியானவனின் மறுமொழி ஏட்டிலும் உறுதியிலும் குடும்பக் கடிதங்களிலும் சிதறிக் கிடந்தது.

அச்சிதறல்களே பெரிதும் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது பெட்டகங்களையும் அலுமாரிகளையும் விட்டுவிட்டே ஓடினர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள் போர் முடிந்தபின் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. மீண்டு வந்தோர் பலர் வீட்டின் சுவரையே காணவில்லை. கடிதத்தை எங்கே தேடுவது?

ஒரு பிரதி வேறிடத்தில் இருந்ததனாலேயே பூரின் தெல்லிப்பழை பிழைத்தது. நம் முன்னோரின் தெல்லிப்பழைக்கு அவ்வாறு ஒரு பிரதி இருக்கவில்லை. 2005 முதல் நூலகம் என்னும் இணைய எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் படியெடுத்துப் பேணி வருகின்றது. பழைய பாடசாலை இடாப்பு, கோயிற் கணக்கு, காணி உறுதி, கொழும்பிலோ கனடாவிலோ எஞ்சியிருக்கும் தாத்தாவின் நாட்குறிப்பு ஆகிய எதுவாயினும் வைத்திருப்போர் அதற்கு ஒரு படியேனும் எடுத்துவைத்தல் வேண்டும். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். இரண்டாவது பிரதி வேறோர் ஊரில் இருப்பது நன்று.